சோப்புத்தூள் போட்டுத் துவைத்த கூடாரம்

ஆனி பிறந்தால் இந்தப் பகுதிக்கு வருகிற கடிதங்களில் பாதி மழைக் கடிதங்கள்தான். ஓடு ஒழுகுகிறது, சுவர் ஓதம் ஏறுகிறது, மெத்தையில் வாடை அடிக்கிறது என்று. இந்தத் தடவை கூடாரமும் படுதாவும் சேர்ந்துகொண்டன. முதல் கடிதத்துக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதிவிட்டேன். என் அப்பா கம்பத்தில் லாரிப் படுதா தைத்து எங்களை வளர்த்தவர், கித்தான் என்றால் எனக்குக் கை நிற்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (கம்பத்திலிருந்து ஒரு வாசகர்): அண்ணே, வண்டன்மேட்டுப் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் ஏலத்தோட்டம் இருக்கிறது. காய் எடுக்கிற சமயத்தில் ராத்தங்க வேண்டும் என்று நாலு வருஷத்துக்கு முன்பு பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு கித்தான் டென்ட் வாங்கினோம். போன ஐப்பசியில் மழையோடு மழையாகப் பிரித்து, ஈரத்தோடு சுருட்டி, ஸ்டோர் பரணில் போட்டுவிட்டோம். தை மாதம் எடுத்துப் பார்த்தால் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி, கிட்டே போக முடியாத வாடை. மதினி நல்லெண்ணத்தில் சோப்புத்தூளில் ஊறவைத்து, பிரஷ் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்துக் காயப்போட்டார்கள். பார்க்க வெள்ளையாகிவிட்டது. ஆனால் வைகாசியில் பெய்த முதல் மழைக்கே சல்லடை மாதிரி ஒழுகுகிறது, அதற்கு முன்னால் ஒரு சொட்டு இறங்கியதில்லை. பக்கத்துத் தோட்டத்துச் சேட்டன் மெழுகை உருக்கிப் பூசச் சொல்கிறார். மரச்சாமானுக்கு அடிக்கும் ஆளிவிதை எண்ணெய் நல்லது என்கிறார் இன்னொருவர். ஹார்டுவேர் கடையில் மொட்டைமாடிக்கு அடிக்கிற வாட்டர்ப்ரூஃப் பெயின்ட்டை எடுத்துக் காட்டுகிறார்கள். எங்கள் மாமாவோ, ஏலத்துக்கு அடித்து மிச்சமிருக்கிற துரிசு (மயில்துத்தம்) கரைசலையே அடித்துவிடு, பூசணமும் வராது என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? புதுசு வாங்க இப்போது கையில் காசில்லை.

பதில்: முதலில் மதினியைத் திட்டாதீர்கள். வாடை அடிக்கிற துணியைக் கண்டால் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வோம். ஆனால் உங்கள் கூடாரம் ஒழுகுவதற்கு அந்தச் சோப்புத்தூள்தான் பெரும்பாலும் காரணம், பூசணம் இல்லை. ஏன் என்று தெரிந்தால் மற்ற நாலு பேர் யோசனையில் எதை எடுப்பது, எதை விடுவது என்பது உங்களுக்கே பிடிபட்டுவிடும்.

பருத்திக் கித்தான் தண்ணீரைத் தடுப்பது இரண்டு வழியில். ஒன்று, நூல் நனைந்ததும் உப்பும். உப்பினால் நூலுக்கும் நூலுக்கும் நடுவே இருக்கிற இடைவெளி அடைந்துபோகும். புதுக் கூடாரம் வாங்கியவர்கள் முதல் மழையில் லேசாகச் சொட்டுகிறது என்று பதறுவது இதனால்தான், நூல் இன்னும் இடம் பிடித்து உட்காரவில்லை. கட்டி நிறுத்தி இரண்டு மூன்று தடவை தண்ணீர் பீய்ச்சி நனைத்துக் காயவிட்டால், தையல் ஓட்டை உட்பட எல்லாம் தானாகச் சேர்ந்துகொள்ளும். இரண்டாவது, நெய்த பிறகு ஆலையில் கொடுக்கிற மெழுகு, சிலிகோன் மாதிரியான மருந்து. சேம்பு இலையில் தண்ணீர் நிற்கிற மாதிரி துளி துளியாக உருண்டு ஓடுவது இதனால். சோப்புத்தூளின் வேலை என்ன? எண்ணெய்ப் பசையைப் பிரித்தெடுத்துத் தண்ணீரைத் துணிக்குள் இழுத்துவிடுவது. அழுக்குக்கு அது நல்லது. ஆனால் கூடாரத்தில் மருந்தையும் கழற்றிவிட்டு, சரியாக அலசாவிட்டால் நூலுக்குள்ளேயே தங்கி, ஒவ்வொரு மழைக்கும் ‘உள்ளே வா’ என்று தண்ணீரைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். அதன் மேல் நீங்கள் எந்த மருந்தை அடித்தாலும் பிடிக்காது. அதனால் மருந்து வாங்க ஓடாதீர்கள், முதல் வேலை அலசுவது.

அதற்கும் முன்னால் ஒரு சின்னச் சோதனை. கூடாரத்தின் அடி மடிப்பிலிருந்து இரண்டு நூல் உருவி, வெளியே திண்ணையில் வைத்துத் தீக்குச்சி காட்டுங்கள். காகிதம் மாதிரி எரிந்து சாம்பலானால் பருத்தி. உருகிச் சுருண்டு மணியாகக் கெட்டிப்பட்டால் பாலியஸ்டர். இரண்டும் கலந்தமாதிரி, கொஞ்சம் எரிந்து கொஞ்சம் மணியானால் கலப்பு. இனி நான் சொல்லப்போவது பருத்திக்கும் கலப்புக்கும் மட்டும்தான்.

இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ளுங்கள், உண்மையிலேயே ஒழுகுகிறதா என்று. மலையில் ராத்திரி குளிரில், நாலு பேர் மூச்சுவிட்டுத் தூங்குகிற கூடாரத்தில், மூச்சின் ஈரம் கூரையின் உள்பக்கம் படிந்து விடிகாலையில் சொட்டும். ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணீராவது ஒரு ராத்திரியில் மூச்சு வழியாகப் போகிறது, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மழையே இல்லாத ராத்திரியிலும் நனைந்தால் அது ஒழுக்கு இல்லை, காற்று போக வழி விடாதது. உங்களுக்கு மழையில்தான் என்று சொல்கிறீர்கள், சரி. அப்புறம், மழை பெய்யும்போது உள்ளிருந்து கூரையைத் தொடுகிற பழக்கம் யாருக்கும் இருக்கிறதா? விரல் பட்ட இடத்தில், துணியின் மேல் நின்றுகொண்டிருந்த தண்ணீர் உள்ளே இறங்க ஒரு வழி கிடைத்துவிடும், அங்கேயிருந்து சொட்டிக்கொண்டே இருக்கும். பெட்டியோ மூட்டையோ சுவரில் சாய்ந்திருந்தாலும் இதே கதைதான்.

இப்போது அலசலுக்கு வருவோம். கூடாரத்தைக் கட்டி நிறுத்தித்தான் கழுவ வேண்டும். வாஷிங் மெஷின் பக்கமே போகாதீர்கள், வெந்நீரும் வேண்டாம். பருத்தி சுருங்கிவிட்டால் கழியும் துணியும் பொருந்தவே பொருந்தாது, இழுத்துக் கட்டினால் தையல் கிழியும். ஹோஸ் குழாயில் பச்சைத் தண்ணீரை மேலிருந்து கீழே விட்டு, மெல்லிய தேங்காய் நார்ப் பிரஷால் லேசாகத் தேய்த்து, மறுபடி தண்ணீர். வழிகிற தண்ணீரை ஒரு வெள்ளைச் சட்டியில் பிடித்து இரண்டு தட்டுத் தட்டிப் பாருங்கள், நுரை நிற்கிறதா? நின்றால் இன்னும் சோப்பு இருக்கிறது. நாலு தடவையோ, ஆறு தடவையோ, நுரை நிற்காமல் போகும்வரை அலச வேண்டியதுதான். சலிப்பான வேலை, ஆனால் மொத்தக் காரியமும் இதில்தான் இருக்கிறது. வண்டி கழுவுகிற பிரஷர் பம்பால் அடித்தால் சீக்கிரம் முடியுமே என்று தோன்றும். முடியும், கூடவே தையலும் பிரியும்.

நனைந்த கித்தானும் பருத்திக் கயிறும் இறுகும். அதனால் அலசும்போது கயிறுகளைக் கொஞ்சம் தளர்த்திவிடுங்கள். இல்லாவிட்டால் முளைக்குச்சி பிடுங்கிக்கொண்டு வரும், அல்லது கயிறு கட்டுகிற பித்தளை வளையம் துணியைக் கிழித்துக்கொண்டு வரும். ராத்திரி மழைக்கு முன்னாலும் இதேதான்.

அடுத்தது கறுப்புப் புள்ளி. பூசணம் என்பது துணி மேல் படிந்த அழுக்கு இல்லை, அது உயிர், பருத்தியைத் தின்றுதான் வளர்கிறது. அதனால் புள்ளி இருக்கிற இடத்தில் துணிக்கு இன்னும் தெம்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். இரண்டு கைப் பெருவிரலும் பக்கத்தில் பக்கத்தில் வரும்படி துணியைப் பிடித்து, சுருக்கென்று எதிரெதிரே இழுங்கள். பழைய வேட்டி மாதிரி பொத்தென்று பிரிந்தால் அந்த இடம் முடிந்தது, எந்த மருந்தும் அதைத் திருப்பித் தராது, ஒட்டுத்தான் போட வேண்டும். தாங்கினால் பிழைத்தோம். பூசணத்தை எப்போதும் முதலில் காயவைத்து, வெளியில் வைத்து, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, வெறும் பிரஷால் தட்டிவிடுங்கள். ஈரத்தோடு தேய்த்தால் இன்னும் உள்ளே போகும். பிறகு ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு நாலு பங்கு தண்ணீர் கலந்து, புள்ளி உள்ள இடங்களில் பூசி, அரை மணி நேரம் விட்டு, லேசாகத் தேய்த்து அலசி, வெயிலில் காயப்போடுங்கள். வாடை போய்விடும். கறை முழுக்கப் போகாது, போகவும் வேண்டாம். அது செத்த பூசணத்தின் தழும்பு, அதனால் ஒழுகாது.

ப்ளீச்சிங் பவுடர் போட்டால் பளிச்சென்று போகுமே என்று மதினி கேட்பார்கள். போகும், கூடவே பருத்தி நூலின் பலத்திலும் ஒரு பங்கு போகும், தையல் நூலுக்கும் அதே கதிதான். முக்கியமாக வினிகரையும் ப்ளீச்சையும் ஒன்றாகக் கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும், மூச்சை அடைக்கும். ஸ்டோருக்குள் கதவைச் சாத்திக்கொண்டு செய்தால் உயிருக்கே ஆபத்து.

இப்போது காயவைப்பது. வண்டன்மேட்டில் ஆடி மாதத்தில் மூன்று நாள் போட்டாலும் சவசவ என்று கிடக்கிற துணி, கீழே கம்பத்தில் ஒரு பொழுது வெயிலுக்கும் காற்றுக்கும் சலசல என்று காய்ந்துவிடும். மேற்கே மழையைக் கொட்டிவிட்டு வருகிற காற்று நம் பள்ளத்தாக்கில் வெறும் காற்றாகத்தான் இறங்குகிறது. உங்களுக்குத் தோட்டம் மேலே, வீடு கீழே. இதைவிட வசதி யாருக்குக் கிடைக்கும்? ஜீப் இறங்குகிறபோது போட்டுக்கொண்டு வாருங்கள், கம்பம்மெட்டு வழியாக வந்தால் எவ்வளவு தூரம் இருந்துவிடப்போகிறது. கூடாரத்தை மேலே கழுவாதீர்கள், கீழே கழுவுங்கள், கீழே காயவையுங்கள், மருந்தும் கீழேயே அடியுங்கள்.

காய்ந்துவிட்டதா என்பதைக் கையால் தொட்டுப் பார்த்தால் தெரியாது. எங்கள் அப்பா துணியில் தையல் ஓடுகிற இடத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். உள்ளங்கை காய்த்துப்போன மனிதருக்குக் கன்னம்தான் கருவி. சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இன்னும் ஆவியாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், நாலு மடிப்பாக இருக்கிற தையலும் கயிறு வளையத்தைச் சுற்றிய தடிப்பும்தான் கடைசியில் காயும். நடுத்துணி காய்ந்ததும் எல்லோரும் மடித்துவிடுகிறார்கள், பூசணம் தையலிலிருந்து ஆரம்பிக்கிறது. மழையில் பிரிக்க நேர்ந்தால், பிரியுங்கள், வேறு வழியில்லை, ஆனால் இரண்டு நாளுக்குள் எங்காவது விரித்துவிட வேண்டும், பரண் அதற்கு இடமில்லை.

சின்ன வயதில் வீரபாண்டி சித்திரைத் திருவிழாவுக்கு ஒரு சர்க்கஸ் வந்திருந்தபோது கூடாரத்தில் ஒட்டுப் போட அப்பாவைக் கூப்பிட்டார்கள், நானும் நூல் பந்தைத் தூக்கிக்கொண்டு போனேன். கூடாரத்துக்குப் பொறுப்பான பெரியவர் தலைசேரிக்காரர், சர்க்கஸ் என்றாலே தலைசேரிதானே. அவர் மலையாளமும் தமிழும் கலந்து பேசியதில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: யானைக்குக்கூட ஒரு நேரம் தீனி தாமதமானால் சமாளிக்கலாம், நனைந்த கூடாரத்தை ஒரு ராத்திரி சுருட்டி வைத்தால் மறுநாள் அவருக்கு வேலை போய்விடும். பீடி பிடிக்கிறவர்களை அந்தப் பக்கமே விடமாட்டார். ஏன் அவ்வளவு பயம் என்று எனக்கு வெகு நாள் கழித்துத்தான் விளங்கியது. அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்ட் என்ற ஊரில் 1944 ஜூலை 6ஆம் தேதி பகல் காட்சியின்போது ஒரு பெரிய சர்க்கஸ் கூடாரம் தீப்பிடித்து, சில நிமிடத்தில் மொத்தக் கூரையும் எரிந்து விழுந்தது, 167 பேர் செத்துப்போனார்கள். அந்தக் கூடாரத்துக்கு மழைநீர் இறங்காமலிருக்கப் பூசியிருந்தது பெட்ரோலில் கரைத்த மெழுகு.

ஆக, சேட்டனுக்கு என் பதில் இதுதான். மெழுகு தண்ணீரை நன்றாகவே தடுக்கும், பைக்கும் தொப்பிக்கும் ஜீப் சீட் உறைக்கும் பூசிக்கொள்ளட்டும். ஆட்கள் படுத்துத் தூங்குகிற, பக்கத்தில் அடுப்பு எரிகிற, அரிக்கேன் தொங்குகிற கூடாரத்துக்கு வேண்டாம். கனமும் கூடும், வெயிலில் பிசுபிசுத்து மண்ணெல்லாம் ஒட்டும்.

ஆளிவிதை எண்ணெய் இன்னும் மோசம். அது உலர்கிறபோதே சூட்டைக் கிளப்புகிற எண்ணெய். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் யாரும் தீ வைக்காமலேயே பற்றிக்கொள்ளும், தச்சுப்பட்டறைக்காரர்களைக் கேளுங்கள். மொட்டைமாடிப் பெயின்ட் துணியின் மூச்சை அடைத்துவிடும். நான் மேலே சொன்ன அந்த நாலு டம்ளர் தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் உங்கள் மேலேயே சொட்டும். இரண்டு தடவை மடித்து விரித்தால் மடிப்பில் வெடித்துப் பாளம் பாளமாக உதிரவும் செய்யும். அது அசையாத சிமென்டுக்குச் செய்தது, மடிக்கிற துணிக்கு இல்லை.

மாமாவின் துரிசு யோசனையைக் கேட்டு நான் சிரித்தேன், ஆனால் மனிதர் முழுக்கத் தப்பில்லை. ஏலக்காய் அழுகலுக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிக்கிறோமே, அதில் பூசணத்தைத் தடுப்பது செம்பு. பழைய ராணுவக் கித்தான்களுக்கும் மக்காமல் இருக்கச் செம்பு கலந்த மருந்துதான் கொடுப்பார்கள், சிலவற்றின் பச்சை நிறத்துக்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் தோட்டத்துக் கரைசல் இலையில் ஒட்டச் செய்தது. கித்தானில் நீலமும் வெள்ளையுமாகத் திட்டுத் திட்டாக நிற்கும், படுக்கிறவர் மேல் தூளாக உதிரும், தண்ணீரைத் தடுக்கிற குணம் அதற்குத் துளியும் கிடையாது. மிச்சத்தை ஏலத்துக்கே அடிக்கச் சொல்லுங்கள்.

பிறகு எதை அடிப்பது? கையில் கொஞ்சம் காசு இருந்தால், கித்தானுக்கென்றே தண்ணீரில் கலந்து வரும் சிலிகோன் வகை மருந்து கிடைக்கிறது, படுதாக் கடையிலும் ஆன்லைனிலும். வாங்கும்போது ‘பருத்திக்கு’ என்றும், துணிக்குக் காற்றோட்டம் போகாது என்றும் போட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கூடாரத்தைக் கட்டி நிறுத்தி, மேலிருந்து கீழாக அகலப் பிரஷால் மெல்லிசாக ஒரு தடவை, காய்ந்ததும் இன்னொரு தடவை. ஒரே தடவையில் தடிப்பாக அப்பினால் வழிந்து வெள்ளைக் கோடாக நிற்கும். எவ்வளவு வாங்குவது என்று குழம்ப வேண்டாம், சின்ன டப்பா ஒன்று வாங்கி ஒரு சதுர மீட்டருக்கு அடித்துப் பாருங்கள், உங்கள் துணி எவ்வளவு குடிக்கிறது என்று தெரிந்துவிடும், மீதியைக் கணக்குப் பண்ணி வாங்கலாம். பிளாஸ்டிக் சன்னலிலும் ஜிப்பிலும் பட்டால் உடனே துடைத்துவிடுங்கள். அடித்த பிறகு ஒரு பகலும் ராத்திரியும் மழை படக்கூடாது.

காசில்லை என்றால் பழைய வழி ஒன்று இருக்கிறது, சோப்பும் படிகாரமும். இப்போதுதானே சோப்பு ஆகாது என்றாய் என்று கேட்பீர்கள். ஆகாது என்றது சோப்புத்தூளை, அது டிடர்ஜென்ட். இங்கே வேண்டியது அசல் சோப்பு, எண்ணெயும் காரமும் சேர்த்துக் காய்ச்சுகிற பார் சோப்பு. உறையில் டி.எஃப்.எம். என்று ஒரு எண் போட்டிருந்தால் அது சோப்பு என்று வைத்துக்கொள்ளலாம். அதைத் துருவி அரை கிலோவை எட்டு லிட்டர் சுடுதண்ணீரில் கரைத்து, கை பொறுக்கிற சூட்டுக்கு ஆறவிட்டு, துணி முழுக்க ஊறும்படி பூசுங்கள். ஈரம் இருக்கும்போதே, இன்னொரு எட்டு லிட்டர் சுடுதண்ணீரில் கால் கிலோ படிகாரத்தைக் கரைத்து, அதையும் ஆறவைத்து அதன் மேல் பூசுங்கள். நாட்டுமருந்துக் கடையில் சீனாக்காரம் என்று கேட்டாலும் தருவார்கள், சலூனில் சவரம் முடிந்ததும் தேய்ப்பார்களே அதே கல்தான்.

இதில் நடப்பது என்னவென்றால், உப்புத் தண்ணீரில் சோப்பு போட்டால் நுரைக்காமல் தயிர் திரிகிற மாதிரி திரிந்து வாளி ஓரத்தில் வெள்ளையாக ஒட்டுகிறதல்லவா, அதை நாம் வேண்டுமென்றே நூலுக்குள் நடத்துகிறோம். தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்புக்குப் பதில் இங்கே படிகாரத்தில் இருக்கிற அலுமினியம் சோப்போடு சேர்ந்து, தண்ணீரில் கரையாத, தண்ணீரை ஒட்டவிடாத ஒரு மெழுகுப் பசையாக நூல் நூலாகப் படிகிறது. அதனால்தான் போர்த் தண்ணீரில் சோப்பைக் கரைக்காதீர்கள், கரைக்கும் வாளியிலேயே திரிந்துவிடும், மழைத்தண்ணீர் பிடித்து வைத்துக் கரையுங்கள். அதனால்தான் இரண்டையும் ஒரே வாளியில் கலக்கவும் கூடாது. ஏலத்துக்கு மருந்தடிக்கிற பம்பில் ஊற்றி அடித்தால் சுலபமாயிற்றே என்று உங்களுக்கு இந்நேரம் தோன்றியிருக்கும். கூடவே கூடாது, எத்தனை தடவை கழுவினாலும் அந்தப் பம்பில் பூச்சிமருந்து இருக்கும், நீங்கள் அதற்குள்ளே படுத்துத் தூங்கப்போகிறீர்கள். பிரஷே போதும். கடை மருந்து அளவுக்கு இது நாள் வராது, வருஷா வருஷம் காய் எடுப்பு தொடங்குவதற்கு முன்னால் ஒரு தடவை செய்ய வேண்டியிருக்கும். அதைத் தவிர எனக்கு இதில் குறை தெரியவில்லை. ஆனால் நேரே கூரையில் ஆரம்பிக்காதீர்கள், கதவு மடிப்பில் ஒரு முழம் செய்து காயவைத்து, ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். உருண்டு ஓடினால் மேலே தொடருங்கள். இருட்டாக நனைந்து பரவினால் சோப்புத்தூள் இன்னும் போகவில்லை, திரும்ப ஹோஸைப் பிடிக்க வேண்டியதுதான்.

கடைசியாகத் தையல். ஊசி போன ஒவ்வொரு இடமும் ஓட்டைதான். மலைத்தேன் எடுக்கிறவர்களிடமோ நாட்டுமருந்துக் கடையிலோ தேன்மெழுகு ஒரு கட்டி வாங்கி, தையல் மேல் மட்டும் வெளிப்பக்கமாக அழுத்தித் தேய்த்து, உச்சி வெயிலில் காட்டுங்கள், நூலுக்குள் இறங்கிவிடும். இவ்வளவு கொஞ்சம் மெழுகுக்குப் பயப்பட வேண்டாம், ஆனால் அடுப்பைத் தள்ளியே வையுங்கள். கை மெழுகாக இருக்கும்போதே ஜிப்பிலும் ஒரு இழுப்பு இழுத்துவிடுங்கள், சிக்காமல் ஓடும்.

கேள்வி (செங்கோட்டையிலிருந்து ஒரு லாரி உரிமையாளர்): ஆரியங்காவு வழியாகப் புனலூருக்கு லோடு அடிக்கிறோம். பருத்திப் படுதா பழசு, மூன்று இடத்தில் ஓட்டை. மண்ணெண்ணெயில் தாரைக் கரைத்துப் பூசினால் இன்னும் இரண்டு வருஷம் ஓடும் என்கிறான் டிரைவர். பூசலாமா?

பதில்: பெயரிலேயே தார்ப்பாய் என்றுதானே இருக்கிறது என்று டிரைவர் சொல்லியிருப்பார். வாஸ்தவம்தான், அந்தக் காலத்துக் கப்பல்காரர்கள் கித்தானுக்குத் தார் பூசித்தான் மழைக்குப் பயன்படுத்தினார்கள், இங்கிலீஷ் பெயரும் அப்படி வந்ததுதான். ஆனால் அவர்கள் அதன் கீழே அரிசி மூட்டை ஏற்றிப் புனலூர் கடைக்காரரிடம் ஏச்சு வாங்கவில்லை. மண்ணெண்ணெய் வாடை ஒரு மாதமானாலும் சரக்கில் ஏறும், சைலன்ஸர் பக்கத்தில் தீப்பொறி பட்டால் படுதாவே பற்றிக்கொள்ளும். வேண்டாம்.

ஓட்டையைச் சுற்றித் துணி திடமாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்து, நைந்த ஓரத்தை வெட்டி எறிந்துவிட்டு, எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் கூடுதலாக அதே தடிமன் துணியில் ஒட்டு வெட்டச் சொல்லுங்கள். மூலையை வட்டமாக வெட்டினால் காற்றில் பிரியாது. புதுத் துணியை ஒரு தடவை நனைத்துக் காயவைத்துவிட்டுத் தைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் மழையில் ஒட்டு மட்டும் சுருங்கி, சுற்றியிருக்கிற பழைய துணியை இழுத்துக் கிழிக்கும். இதை அவசரத்தில் பாதிப் பேர் மறந்துவிடுகிறார்கள், அப்பாவே ஒரு தடவை மறந்து, காசு வாங்காமல் திரும்பத் தைத்துக் கொடுத்தார். நூலைத் தேன்மெழுகில் இழுத்து, ஒட்டின் ஓரத்தை உள்ளே மடித்து, இரண்டு வரிசைத் தையல். பிறகு மேலே சொன்ன மருந்து.

கேள்வி (மார்த்தாண்டத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி): அங்கிள், பேச்சிப்பாறை பக்கம் கேம்ப் போக என் அண்ணனுடைய சின்ன நைலான் டென்ட்டை எடுத்தேன். உள்பக்கம் பிசின் மாதிரி ஒட்டுகிறது, வெள்ளைத் தோலாக உரிகிறது, வாந்தி வாடை வருகிறது. துவைத்தால் போகுமா?

பதில்: இல்லைம்மா. அது பூசணம் இல்லை. நைலான் டென்ட்டின் உள்பக்கம் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் பூச்சு ஒன்று இருக்கும், வருஷக்கணக்கில் ஈரமும் புழுக்கமும் பட்டுப் பட்டு அந்தப் பூச்சே சிதைந்து பசையாகிவிட்டது, அந்த வாடையும் அதிலிருந்து வருவதுதான். கன்னியாகுமரி மாவட்டத்துப் புழுக்கத்தில் பீரோவுக்குள் பையோடு கிடந்திருக்கும். நான் மேலே சொன்ன சோப்பு, படிகாரம் எதுவும் இதற்கு ஆகாது, அது பருத்தி நூலுக்கு. பழைய பூச்சை முழுக்கச் சுரண்டிக் கழுவி, அதற்கென்று விற்கிற பூச்சை வாங்கிப் புதிதாக அடிக்கலாம், ஆனால் அந்தச் செலவுக்கும் பாடுக்கும் சின்ன டென்ட் புதிதாகவே வாங்கிவிடலாம். இப்போதைக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு போய்விட்டு வாருங்கள், நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டுக் கட்டுங்கள்.

கேள்வி (வாளையாறு பக்கமிருந்து ஒரு வாசகர்): கூடாரத்தை மழைக்காலம் முடியும்வரை எங்கே, எப்படி வைப்பது? பிளாஸ்டிக் பையில் போட்டுப் பாச்சை உருண்டை வைத்தால் போதுமா? எலித் தொல்லையும் இருக்கிறது.

பதில்: பிளாஸ்டிக் பை வேண்டாம், உள்ளே இருக்கிற கொஞ்ச ஈரமும் வெளியே போகாது. பருத்திப் பையோ பழைய வேட்டி மூட்டையோ போதும். சிமென்ட் தரையில் வைக்காமல் பலகை மேலோ பரணிலோ வையுங்கள், சுவரில் சாய்க்காதீர்கள், ஓதம் ஏறும். எப்போதும் ஒரே கோட்டில் மடிக்காமல் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாற்றி மடியுங்கள், மடிப்பில்தான் முதலில் விரியும். வெயில் அடிக்கிற நாளில் மாதம் ஒருமுறை பிரித்து ஒரு மணி நேரம் காட்டினால் நல்லது. பாச்சை உருண்டை பூசணத்தை ஒன்றும் செய்யாது, அந்த நெடிக்குள் படுத்தால் உங்களுக்குத்தான் தலை வலிக்கும். எலிக்குக் கித்தான் மேல் ஆசை இல்லை, அதில் சிந்திய சோற்றின் மேல்தான், அதனால் மடிப்பதற்கு முன்னால் நன்றாக உதறிவிடுங்கள். அதற்குமேல் வருகிற எலிக்கு என்னிடம் மருந்தில்லை, எங்கள் வீட்டில் பூனை இருக்கிறது.